நாற்பது நிமிட நல்லதங்காளும் வெட்டப்பட்ட கோமாளியும்

2023 ஜூன் 18 – ஒரு வாசகரின் கேள்வி

"ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்தின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டு விழாவுக்காகப் பள்ளி மேலாண்மைக் குழு கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறது. கீழிருந்து மரப்பாவைக் குழு ஒன்றை அழைத்து வந்து நாற்பது நிமிடம் நல்லதங்காள் ஆடச் சொல்லலாம் என்கிறார் ஊர்ப் பெரியவர் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விடிய விடிய ஆடிய கலை அது. பள்ளிக்கு ஒத்து வராது. பெற்ற தாயே ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற கதை குழந்தைகளுக்கு எதற்கு? அந்தப் பணத்தில் துணியும் பசையும் வாங்கினால் நாங்களே கைப்பாவை செய்து ஆண்டு முழுவதும் கதை சொல்லிவிடுவோம். நான் நினைப்பது சரிதானே?"

2023 ஜூன் 18, இரவு

பாதி சரி. மீதிப் பாதிக்கு என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவன், அப்பா தறிக்காரர். எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும்போது ஓர் ஆடி மாதத்து மாரியம்மன் பண்டிகையில் முதன்முதலாக மரப்பாவை பார்த்தேன். தறிச் சத்தம் ஓய்ந்துபோன வீதியில் கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தோம். கறுப்புத் திரைக்கு முன்னால் வந்து நின்ற அரிச்சந்திரன் ஏறக்குறைய என் உயரத்துக்கு இருந்தான். லோகிதாசனைப் பாம்பு தீண்டி, சந்திரமதி அவனை மடியில் போட்டுக்கொண்டு புலம்பியபோது, என் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மரக்கட்டைக்காக ஒரு பெரிய மனிதர் அழுகிறார் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய செய்தி.

பிறகு ஓய்வு பெறும் வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். அதில் எட்டு ஆண்டுகள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில். வகுப்பில் கைப்பாவை ஆட்டியிருக்கிறேன். மரப்பாவைக் குழுக்களைப் பள்ளிக்கு அழைத்துக் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். கைப்பாவை என்பது ஆசிரியரின் கைதான். உறையை மாட்டிக்கொண்டு பேசுவது நம் வாத்தியார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதனோடு பேசுவார்கள், சண்டை போடுவார்கள், வீட்டுக் கணக்கு ஏன் போடவில்லை என்று அதற்குப் பொய்யும் சொல்வார்கள். மரப்பாவை அப்படியில்லை. பெரிய பொம்மை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருக்கும். இந்தியாவின் பாவைகளிலேயே அளவிலும் கனத்திலும் பெரியவை என்று பெயர் வாங்கியவை தமிழ்நாட்டுப் பொம்மைகள். தன்னைவிட உயரமான ஒன்று எதிரில் வந்து கையை உயர்த்தும்போது முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றும் பேசாது. வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பள்ளியில் அப்படி வாயைப் பிளக்க ஏதாவது வேண்டும். பத்து விரல்களிலும் நூலைக் கட்டிக்கொண்டு அவ்வளவு எடையை ஆட்டுகிறவர்களின் உழைப்பும் பிள்ளைகளின் கண்ணில் படட்டும்.

நல்லதங்காள் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம்.

2023 ஜூன் 19

நேற்று எழுதியதில் ஒரு பிழை. ஆத்தூர் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். விரலில் நூல் சுற்றி ஆட்டுவது ராஜஸ்தானத்து நூல்பாவையான கத்புத்லிக்குப் பொருந்தும். நம் மரப்பாவையை அப்படி ஆட்ட முடியாது. நம்முடையதில் நூலும் கம்பியும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பொம்மையிலிருந்து மேலே வரும் நூல்கள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். ஆட்டுகிறவர் அந்த வளையத்தைக் கிரீடம் போலத் தலையில் வைத்துக்கொள்வார். பொம்மையின் கைகளை மேலிருந்து கம்பிகளால் இயக்குவார். அவர் தலையை ஆட்டினால் பொம்மையும் ஆட்டும். அவர் குதித்தால் அதுவும் குதிக்கும். எடை பெரும்பாலும் அவருடைய தலையிலும் கழுத்திலும்தான் இறங்குகிறது. ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்த ஒன்றை நேற்று விரலில் கட்டி எழுதிவிட்டேன். திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தவனின் அறிவு அவ்வளவுதான்.

மரத்தைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். கல்யாண முருங்கை. கனமில்லாத மரம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தும் பத்துக் கிலோ. மிளகுக்கொடி ஏறுவதற்காக நட்டு வைக்கும் மரமும் இதுவே. கேள்வி கேட்டவர் பள்ளியை விட்டு நாலு அடி நடந்தால் ஒரு நல்லதங்காளோ ஓர் அரிச்சந்திரனோ மிளகு சுமந்து நிற்பதைப் பார்க்கலாம்.

2023 ஜூன் 25

கையைச் சுட்டுக்கொண்டதாக எழுதியிருந்தேன். எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா. மரப்பாவை ஏற்பாடு என் பொறுப்பு. அரிச்சந்திரன் கதையை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிக்கொண்டு குழு காலையிலேயே வந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் வருவதற்குத் தாமதமாயிற்று. வந்தவரும் நெடுநேரம் பேசினார். பாவைக்கு எஞ்சியது அரை மணி நேரம். குழுத் தலைவரிடம் போய், "முன்பகுதியெல்லாம் வேண்டாம், கோமாளியை விட்டுவிடுங்கள், நேராகக் கதைக்கு வந்துவிடுங்கள்" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கோமாளி இல்லாமலா?" என்றார். நேரம் ஆகிறது என்றேன். அவ்வளவுதான்.

திரை விலகியதும் விசுவாமித்திரர் வந்தார். நாலு அடி உயரம், சிவந்த கண்கள், தாடி, முழங்கும் குரல். முதல் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை வீரிட்டது. அதைப் பார்த்து இன்னொன்று. ஐந்தே நிமிடத்தில் முதல் இரண்டு வகுப்புகளும் ஆசிரியைகளின் சேலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றன. கதை பயங்கரம், பொம்மை பயங்கரம் என்று மறுநாள் பெற்றோர் குறை சொன்னார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோமாளியின் வேலை என்னவென்று பின்னொரு நாள் ஊர்ப் பண்டிகையில் முழு ஆட்டத்தையும் பொறுமையாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. பிள்ளையார் பூசை முடிந்ததும் முதலில் வருகிறவன் அவன். வந்த வேகத்தில் மேடைக் கம்பத்தில் தலையை மோதிக்கொள்கிறான். 'டொக்' என்று மரச் சத்தம் கேட்கிறது. கூட்டம் சிரிக்கிறது. தலையைத் தடவிக்கொண்டு மறுபடியும் மோதிப் பார்க்கிறான். மத்தளக்காரரைப் பார்த்து, "அண்ணே, எனக்கு வலிக்கவில்லை, கம்பத்துக்கு வலிக்கிறதா கேளுங்கள்" என்கிறான். அந்த ஒரு 'டொக்' சத்தத்திலேயே வந்திருப்பது மரம் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது. மரம்தான் என்று தெரிந்துகொண்ட பிறகு எந்த விசுவாமித்திரர் வந்தாலும் பயந்துகொண்டே ரசிக்க முடிகிறது. நான் அன்று வெட்டி எறிந்தது இதைத்தான். நேரம் குறைந்தால் பள்ளிகள் முதலில் கைவைப்பது கோமாளிமேல், கடைசி வரை காப்பாற்றுவது முடிவில் வரும் அறிவுரையை. இதைத் தலைகீழாகச் செய்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் அழாமல் இருந்திருப்பார்கள்.

2023 ஜூலை 2

தோல்பாவையும் மரப்பாவை ஆடும் பொம்மலாட்டமும் ஒன்றுதானே என்று ஒருவர். இல்லை. தோல்பாவைக் கூத்தில் ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, துளையிட்டு, சாயம் தீட்டியிருப்பார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு இருக்கும், உருவம் திரையில் வண்ண நிழலாகத் தெரியும். குமரி, நெல்லை, மதுரைப் பக்கங்களில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்கள் அதை ஆடிவந்தன. இராமாயணம்தான் அவர்களுடைய பெரிய சரக்கு. ஆனால் நான் சொல்லவந்த விஷயத்துக்கு அங்கும் சாட்சி கிடைக்கிறது. இராமாயணத்தில் இல்லாத உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் அடிக்கடி தலைகாட்டி, இராவணனைக்கூட விட்டு வைக்காமல் கேலி செய்துவிட்டுப் போவார்கள். தெருக்கூத்தில் அந்த இடம் கட்டியங்காரனுக்கு. மூன்று கலைகளிலும் வேலை மெனக்கெட்டு ஒரு கோமாளியை வைத்திருக்கிறார்கள் என்றால், அது இடைவேளையை நிரப்புவதற்காக மட்டும் இருக்காது.

2023 ஜூலை 3

"பள்ளிக்குள் ஏற்கெனவே கோமாளி உண்டு, தலைமையாசிரியர் என்று பெயர்" என்று எழுதியவருக்கு: நானும் ஆறு ஆண்டுகள் அந்த வேடம் கட்டியவன்தான். தலையில் வளையம் மாட்டியிருந்தது, நூல் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருந்தது.

2023 ஜூலை 23

கைப்பாவையைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று கேள்வி கேட்டவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் கேட்டதே அதைத்தான். நான் கோமாளியின் பின்னால் போய்விட்டேன்.

மலைப் பள்ளியில் நான் செய்த முதல் கைப்பாவைகள் காகிதக் கூழால் ஆனவை. பழைய செய்தித்தாளை இரவு முழுவதும் ஊறவைத்து, இடித்து, மைதாப் பசை கலந்து, உள்ளே காலிப் பல்பை வைத்துத் தலை பிடித்தேன். கீழே சேலத்தில் இரண்டே நாள் வெயிலில் கல்லாகிவிடும் பொருள். மேலே ஐப்பசி மாதத்து மூடுபனியில் பத்து நாள் ஆகியும் காயவில்லை. பதினோராம் நாள் நரியின் மூக்கில் பூஞ்சணம் பூத்தது. பசையில் மயில்துத்தம் போடச் சொன்னார் ஒருவர். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அப்படிப் போடுவது உண்மைதான். ஆனால் அது நஞ்சு. பிள்ளைகள் பொம்மையைக் கடிப்பார்கள். தயவுசெய்து போடாதீர்கள். கடைசியில் கூழை விட்டுவிட்டுப் பழைய காலுறை, தேங்காய்ச் சிரட்டை, பஞ்சு, பொத்தான் என்று மாறினேன். சிரட்டையின் மூன்று கண்களில் ஒன்றை வாயாக்கினால் அதைவிட நல்ல குரங்கு கிடையாது.

கதைகளில் கைப்பாவைக்கென்றே பிறந்தது தன் பெயரை மறந்த ஈயின் கதை. வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பெயரை மறந்துவிட்டு, கன்றுக்குட்டியில் தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகும்: "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே..." ஒவ்வொரு முறையும் சங்கிலி ஒரு கண்ணி நீளும். ஒன்றாம் வகுப்பில் அன்று வரை வாயே திறக்காத ஒரு பையன், கோலுக்கு அடுத்தது மரமா கொக்கா என்று நான் தடுமாறியபோது, பின்வரிசையிலிருந்து எழுந்து "மரம்!" என்று கத்தினான். கதை முடிவில் குதிரை 'ஈஈஈ' என்று கனைக்க, ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடும். நீதி எதுவும் இல்லாத கதை. பத்து நாள் தொடர்ந்து அதையே கேட்டார்கள்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் பொம்மையும் பாட்டும் கதையும் கூடியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1979 முதல் இயங்குகிறது. பாடம் நடத்தப் பாவையைப் பயன்படுத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு அங்கே பயிற்சியும் உண்டு. என் சக ஆசிரியர் ஒருவர் போய்வந்து எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. எந்நேரமும் கூட்டல் கணக்கே கேட்கும் கிளியைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் வெறுத்துவிடுவார்கள். கிளி தவறாகக் கூட்ட வேண்டும். ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று அடம்பிடிக்க வேண்டும். அப்போது பாருங்கள், எத்தனை கைகள் எழும் என்று. கோமாளி இங்கேயும் வந்துவிட்டான்.

2023 ஆகஸ்ட் 6

நான் நல்லது என்று நினைத்துச் செய்து, இன்று வரை முடிவுக்கு வர முடியாத ஒன்று.

அத்திரிபாச்சா கதை எல்லோருக்கும் தெரியும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை அதன் பெயரை மறக்காமல் இருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடந்து, ஒரு பள்ளத்தை "அத்திரிபாச்சா" என்று தாண்டியதும் அதையே பிடித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து தரச் சொல்லி, தெரியாது என்ற மனைவியை அடிப்பான். அவள் நெற்றி கொழுக்கட்டை போல வீங்கிவிட்டதே என்று யாரோ சொன்ன பிறகுதான் பெயர் நினைவுக்கு வரும். கைப்பாவைக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் கூரை அதிரும்.

அடிக்கும் இடம்தான் தொண்டையில் சிக்கியது. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் அப்பாக்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அதைச் சிரிப்பாகக் காட்டக் கை வரவில்லை. ஆகவே மாப்பிள்ளை கோபத்தில் நிலைப்படியில் தானே முட்டிக்கொண்டு, தன் நெற்றியையே வீங்க வைத்துக்கொள்வதாக மாற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிம்மதி.

2023 ஆகஸ்ட் 7

வாழப்பாடி ஆசிரியை ஒருவர் இதே மாற்றத்தைச் செய்தாராம். ஒரு சிறுமி எழுந்து, "எங்கள் பாட்டி அப்படிச் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டியைத்தான் அடித்தான்" என்று சாதித்தாளாம். இவர் என்ன சொல்வதென்று தெரியாமல், "அப்படியா, அடித்தது சரியா?" என்று பொம்மையிடம் கேட்க, மாப்பிள்ளைப் பொம்மை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டதாம். வகுப்பு அமைதியாகிவிட்டது என்கிறார். என் நிலைப்படியைவிட அவருடைய தொங்கிய தலை மேல். ஆனால் நான் அதைச் செய்திருப்பேனா என்றால், தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வேண்டியிருந்தது.

2023 செப்டம்பர் 10

மரப்பாவை எவ்வளவு பழையது என்று கேட்கிறவர்களுக்கு: குறளில் இரண்டு இடங்களில் அந்தச் சொல்லே வருகிறது. 1020ஆம் குறளில் மனத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டம், நாணால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளது போல் மயக்குவதற்கு ஒப்பாகிறது. நாண் என்றால் வெட்கம், நாண் என்றால் கயிறு. ஒரு சொல்லில் வள்ளுவர் இரண்டு நூல்களையும் இழுத்துவிட்டார். 1058இல் இரப்பவர் இல்லாத உலகத்து நடமாட்டத்தை மரப்பாவை போய்வருவதற்கு ஒப்பிடுகிறார். இரண்டு இடத்திலும் பொம்மையைக் குறைத்துத்தான் பேசுகிறார் என்பதில் எனக்குச் சிறிய மனத்தாங்கல் உண்டு.

2023 அக்டோபர் 29

நல்லதங்காள் வேண்டாம் என்று ஜூன் மாதம் எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன், முழுவதுமாக அல்ல.

ஈயின் கதையை எழுதியதிலிருந்து மலைப் பள்ளி நாட்கள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன. அங்கிருந்தபோது ஒரு முறை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோரோடு ஜீப்பில் கீழே அழைத்துப் போய், அடிவாரத்து ஊர்ப் பண்டிகையில் நல்லதங்காள் பார்க்க வைத்தேன். முழு ஆட்டம். பஞ்சம், ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான், அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள், கடைசியில் பாழுங்கிணறு. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் தூங்கவில்லை.

விடியற்காலையில் மலை ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் கிணற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பேச்சு முழுவதும் அந்தக் கதவைப் பற்றியே இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் எந்தப் பக்கம், ஏழு பேரும் சேர்ந்து தள்ளியிருந்தால் திறந்திருக்குமா, அண்ணன் எப்போது வருவான் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாமே. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அண்ணி இல்லை என்றால் பக்கத்து வீட்டில் களி கேட்டிருக்கலாம், எங்கள் ஊரில் கேட்டால் தருவார்கள்" என்று சொன்னாள். ஜீப்பில் இருந்த அவளுடைய அம்மா ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பசி என்றால் என்னவென்று அந்த வீட்டுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வாரமே அந்தப் பிள்ளைகள் காலுறைப் பொம்மைகளை எடுத்துக்கொண்டு தங்களுடைய கதையை ஆடினார்கள். காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்குப் பிரிந்து போனதாக, அந்த மலைகளின் பழங்குடியான மலையாளிப் பெரியவர்கள் சொல்லும் கதை. அதில் இல்லாத ஒரு காட்சியையும் சேர்த்துக்கொண்டார்கள்: பிரிவதற்கு முன் மூவரும், யார் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இதையெல்லாம் மறந்துவிட்டு ஜூன் மாதம் எப்படி அவ்வளவு உறுதியாக எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகவே இப்போது சொல்வது: மூன்றாம் வகுப்பு முதல் காட்டலாம். ஒன்றும் இரண்டும் வேண்டாம். கோமாளி இருக்க வேண்டும். முடிந்ததும் மைக்கைப் பிடித்து இக்கதையால் அறியப்படும் நீதி யாதெனில் என்று யாரும் தொடங்கக் கூடாது. பிள்ளைகள் ஏதாவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில்.

2024 ஜனவரி 21

கேள்வி கேட்டவர் மனம் மாறிவிட்டார். குழுவோடு பேசி முடித்தாயிற்று, நடைமுறையைச் சொல்லுங்கள் என்கிறார். நினைவுக்கு வரும் வரிசையில் சொல்கிறேன்.

காலை பதினொரு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் கூடத்துக்குள்ளேயே எதிர்ச்சுவர் தெரியாது. மேடைக்குப் பின்னாலும் பக்கங்களிலும் உள்ள சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். பின்வெளிச்சம் இருந்தால் ஆட்டுகிறவர் தெரிந்துவிடுவார். முதல் வரிசை மேடையிலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்கட்டும். சிறப்பு விருந்தினர் ஆட்டம் முடிந்த பிறகு பேசட்டும். பொம்மைப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவில் பெட்டி சரிந்து ஒரு சந்திரமதியின் மூக்கு உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். மலைப் பாதை பழகாத வயதானவர்கள் வருவார்கள், வந்ததும் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: பேசிய பணத்தை அன்றே, கையில் கொடுங்கள். சால்வை போர்த்திவிட்டு, பில் ஒப்புதலாகட்டும் என்று மூன்று மாதம் அலையவிட்ட பள்ளிகள் உண்டு. சால்வையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

மார்ச் 21 உலகப் பாவைக்கூத்து நாள், விழாவை அன்றைக்கு வைக்கலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தேர்வு நேரம். பாவைக்கும் நல்லதில்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை.

2024 பிப்ரவரி 25

போய்வந்தேன். அழைத்திருந்தார்கள்.

நாற்பத்தைந்து நிமிடத்தில் பதினைந்து நிமிடம் கோமாளிக்கு. முதல் 'டொக்' கேட்டதும் கூடமே சிரித்தது. கோமாளி முடிந்ததும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைக் காப்பிக் களத்துக்கு விளையாட அனுப்புவதாக ஏற்பாடு. ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. ஆசிரியை கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, தானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். என் விதி ஐந்து நிமிடத்தில் காலி.

அலங்காரி கதவை அடைத்த இடத்தில், நான் எங்கேயும் பார்த்திராத ஒன்றைக் குழுத் தலைவர் செய்தார். கோமாளி திரும்ப வந்தான். நல்லதங்காளுக்குப் பதிலாக அவன் போய்க் கதவில் தன் தலையை மோதினான். டொக். கூட்டத்தைப் பார்த்தான். மறுபடியும் டொக். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை மோதும்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிறு குரல் "திற" என்றது. பிறகு கூடம் முழுவதும் "திற, திற" என்று கத்தத் தொடங்கியது. கதவு திறக்கவில்லை. கோமாளி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனான். கிணற்றுக் காட்சி வெறும் மத்தளத்தோடு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். கோமாளியின் தலையைத் தட்டிப் பார்க்க ஒரு வரிசை, வளையத்தைப் பார்க்க ஒரு வரிசை. நானும் இரண்டாவது வரிசையில் நின்றேன். வளையத்தில் சுற்றியிருந்த துணி வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. குழுத் தலைவரான பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து என் தலையில் வைத்தார். நல்லதங்காள் என் கால்மாட்டில் எழுந்து நின்றாள். இரண்டு அடி நடந்தேன். அவள் நடக்கவில்லை, துவண்டு சாய்ந்தாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பெரியவரும் சிரித்துவிட்டார்.

2024 பிப்ரவரி 27

மேலே "இரண்டு அடி" என்று எழுதியிருப்பது மிகை என்று உடனிருந்த கேள்வியாளர் எழுதியிருக்கிறார். ஓர் அடிதானாம். இருக்கலாம். கழுத்து இன்னும் வலிக்கிறது.